அடைக்கலமேரியின் ஒருசந்தி

பாலக்கரையில் போய் அடைக்கலமேரி வீடு எது என்று கேட்டால், "எந்த அடைக்கலம்? ஒருசந்தி அடைக்கலமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் நோன்புக்கு அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சொல்லும் பெயர் ஒருசந்தி. மற்றவர்களுக்கு அது சாம்பல் புதன் அன்று வந்து ஈஸ்டருக்குப் போய்விடும் விருந்தாளி. அடைக்கலத்துக்கோ வருஷம் பூராவும், வாராவாரம் செவ்வாய்க்கிழமை. அப்படித்தான் ஊர் நம்பியது. அந்தப் பெயர் எந்த லட்சணத்தில் வந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி விற்கிறாள். காலையிலிருந்து நின்றே இருக்கும் வேலை. ஐம்பது துணியைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் முகம் கோணாமல் பேச வேண்டும். மனசுக்குள் என்ன ஓடினாலும் வாயில் இனிப்பாக ஒரு பதில் வைத்திருப்பது அங்கே பழகியதுதான். அந்தப் பழக்கம் பின்னால் அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

புருஷன் மதலைமுத்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். நல்ல மனுஷன். ஆனால் யாரையாவது கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அடைக்கலம் பிறந்தது மணப்பாறைப் பக்கம். அங்கே அவள் அம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள், செபமாலை சொல்லாமல் படுக்க மாட்டாள். வயல் வேலைக்கு வரும் அடுத்த தெரு ஆட்கள் தண்ணீர் கேட்டால் மட்டும் கொல்லைப்பக்கம் நிற்கவைத்து, சொம்பை உயரத் தூக்கி, அவர்கள் கையில் ஊற்றுவாள். அவர்களும் அதே கோவிலுக்கு வருகிறவர்கள்தான். ஞானஸ்நானத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார்கள். அது கை வரைக்கும் இறங்கி வர சில குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. அடைக்கலம் அந்த வீட்டில் வளர்ந்தவள். எங்கே போனாலும் தன் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவாள், கல்யாண வீட்டில்கூட அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்க மாட்டாள்.

ஒரு தவக்காலத்தில் அவர்கள் தெருவின் அன்பியக் கூட்டத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம் அது, ஒரு முடிவு எடுத்தார்கள். திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம் தொழுநோய் வந்து குணமானவர்கள் குடியிருக்கும் சின்னக் காலனிக்குப் போய் வருவது என்று. பத்துப் பன்னிரண்டு பேர் வேன் பிடித்துப் போனார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், போட்டோவும் எடுத்தார்கள். ஈஸ்டர் வந்ததும் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. அடைக்கலம் மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். கடையில் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவேரிப் பாலம் தாண்டி, தூக்குவாளியில் எலுமிச்சைச் சோற்றோடு இறங்குவாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் செய்த வேலை லேசுப்பட்டதல்ல. நோய் குணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் அது தின்றுவிட்டுப் போன விரல் திரும்பி வராது, மரத்துப்போன காலில் உணர்ச்சியும் வராது. முள் குத்தினாலும் தெரியாமல் நடந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். அடைக்கலம் வெந்நீர் வைத்து, உட்கார்ந்து, ஒவ்வொருவர் காலையும் தன் மடியில் எடுத்து வைத்துக் கழுவி, வெடிப்பில் எண்ணெய் தடவுவாள். மூக்கைச் சுளித்ததில்லை. கையுறை கேட்டதில்லை.

கால் கழுவிய முதல் நாளே வந்தது சிக்கல். வீரம்மாள் என்று ஒருத்தி, அறுபதைத் தாண்டியவள், கட்டை விரல் மட்டும் மிச்சமிருந்த இரண்டு கைகளாலும் ஒரு டம்ளரை அணைத்துப் பிடித்து, கடுங்காப்பி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளர் விளிம்பில் அவள் உள்ளங்கை பட்டிருந்தது. காலை மடியில் வைத்துக் கழுவிய அடைக்கலத்துக்கு, அந்த டம்ளரை வாயில் வைக்க முடியவில்லை. கை ஒத்துக்கொண்டது, வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"தப்பா நினைக்காதீங்க வீரம்மா, இன்னிக்கு எனக்கு ஒருசந்தி" என்றாள், கடைச் சிரிப்போடு.

தவக்காலம் என்பதால் அன்றைக்கு அது பாதி உண்மை. ஈஸ்டர் கழிந்த பிறகும் டம்ளர் வந்தது. "செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கேங்க, பச்சைத் தண்ணிதான்" என்று சொல்லித் தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அவ்வளவுதான், பொய் வேர் பிடித்துவிட்டது. திரும்பும்போது திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீயும் இரண்டு உளுந்து வடையும் சாப்பிடுவாள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, இவள் சோற்றையே மறைத்தாள்.

காலனிக்கு மருந்து கட்ட வரும் நர்ஸ் லிசி இதைப் பங்குச் சாமியாரிடம் சொன்னாள். அவர் திருவிழாப் பிரசங்கத்தில், "நம் பங்கிலேயே ஒரு தாய் வெறும் வயிற்றோடு போய் ஏழைகளின் காலைக் கழுவுகிறாள்" என்று பேர் சொல்லாமல் சொன்னார். கோவிலே திரும்பி அடைக்கலத்தைப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு வேலை கிடைக்க, மகளுக்கு மாப்பிள்ளை அமைய என்று அவளிடம் செபம் கேட்க ஆள் வந்தார்கள்.

"என் வீட்டு ஒருசந்திக்கு வஞ்சிரம் இல்லாம ஆவாது" என்பார் மதலைமுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டே. "சும்மா இருங்க, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்று அவள் அடக்குவாள்.

இப்படியே ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அடைக்கலம் போய் இறங்கியபோது, வழக்கமாக வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் வீரம்மாளைக் காணோம். உள்ளே கட்டிலில் கிடந்தாள். லிசி பக்கத்தில் நின்று குளுக்கோஸ் கலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்.

"குழாயடியில மயங்கி விழுந்துட்டாங்க. சுகர் அடியில போயிடுச்சு" என்று அடைக்கலத்தை வெளியே கூட்டி வந்து சொன்னாள் லிசி. "சுகர் மாத்திரையை மட்டும் ஒழுங்கா முழுங்கறாங்க, செவ்வாய்க்கிழமையானா சாப்பிடறதில்ல. ஆடிச் செவ்வாய்னு ஆரம்பிச்சது, அப்படியே விடாம இருக்காங்களாம். இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

"ஏன் சாப்பிடறதில்ல?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்காகத்தான். நீங்க பட்டினி கிடக்கறப்ப அவங்க எப்படிச் சாப்பிடறதாம். டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். இன்னொரு தடவை இப்படி ஆனா எழுந்திரிக்காமலே போயிடுவாங்கன்னு சொல்றார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க."

அடைக்கலம் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடையில் பேசுவது போலவே இனிப்பாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஏன் வீரம்மா இப்படிப் பண்ணீங்க? நோயாளிங்களுக்கு எங்க கோவில்லயே ஒருசந்தி கிடையாதுங்க."

"அது உங்க கோவில் சட்டம். என் மனசுக்கு ஒத்துக்கலயே" என்றாள் வீரம்மாள். குரல் மெலிந்திருந்தாலும் பிடிவாதம் மெலியவில்லை. "நீங்க பசியோட பஸ் ஏறி வந்து என் காலைத் தூக்கி மடியில வைக்கறீங்க. நான் வயிறு முட்டத் தின்னுட்டுக் காலை நீட்டணுமா? நான் ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துப் படியில பிச்சை எடுத்தவ. தர்ப்பணம் பண்ண வர்றவங்க, ஆடிப்பெருக்குக்கு வர்றவங்க, எத்தனையோ பேர் போட்டிருக்காங்க. தூர நின்னு போட்டாங்க, தூக்கியும் போட்டாங்க. எனக்காக வயித்தைக் காயப் போட்டவங்க யாரும் கிடையாது, உங்களைத் தவிர."

அடைக்கலம் போர்வையை அவள் கால் மேல் இழுத்து விட்டாள்.

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம்" என்று வீரம்மாளே வழி சொன்னாள். "நீங்க விட்டுடுங்க, நானும் விட்டுடறேன். சட்டியில ரசஞ்சோறு இருக்கு. நீங்க ஒரு வாய், நான் ஒரு வாய். இப்பவே."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு வாய் சோறு. ஒரு உயிர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அடைக்கலம் சட்டியைப் பார்த்தாள், அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து விட்டுடறேங்க. நேர்ந்ததைப் பாதியில முறிக்கக்கூடாது."

"அப்ப நானும் அடுத்த வாரத்துலேர்ந்து" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள் வீரம்மாள். குளுக்கோஸ் தண்ணீரை மட்டும் லிசி அதட்டிக் குடிக்க வைத்தாள். சாயங்காலம் வரை கூடவே இருப்பதாகச் சொல்லி அடைக்கலத்தை அனுப்பினாள்.

திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் டீக்கடைக்காரர் இவளைப் பார்த்ததும் கேட்காமலே வடையைத் தாளில் வைத்து நீட்டினார். அடைக்கலம் அதை வாங்கினாள். பக்கத்தில் படுத்திருந்த நாய்க்குப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலம் முழுக்க அழுதாள்.

அன்றைக்கு மீன் குழம்பு வைக்கவில்லை. மதலைமுத்து பட்டறையிலிருந்து வந்து, அடுப்படியில் அவள் சும்மா நிற்பதைப் பார்த்து, "என்ன, நிஜமாவே ஒருசந்தியா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிண்டல் பண்ண அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா?" என்றார் கடைசியில்.

"சாமியார்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? நான் ஏமாத்தினது அவரை இல்லயே."

அரிசியைக் களைந்துகொண்டே அவள் யோசித்தாள். குருத்தோலை ஞாயிறு வாசகத்தில் பலமுறை கேட்ட சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. பெத்தானியாவில் சீமோன் என்ற தொழுநோயாளி வீட்டில் கிறிஸ்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பெண் வந்து விலை உயர்ந்த தைலத்தை அவர் தலையில் ஊற்றுகிறாள். எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறாள். எல்லாரும் தைலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர் யார் வீட்டில், யார் சமைத்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது அவள் மனசில் இதுவரை ஏறியதே இல்லை. கழுவுவதும் கொடுப்பதும் அவளுக்குச் சுலபமாக இருந்தது. கால் கழுவக் குனிந்தாலும் கொடுக்கிறவள் அவள்தானே. அவர் அங்கே போய் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் கடைக்கு லீவு சொன்னாள். மதலைமுத்து இட்லி வாங்கி வந்து வைத்தார், வேண்டாம் என்றாள். முதல் நாள் காலைக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒன்றும் விழவில்லை. பசி எடுத்தால் வாய் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு. தூக்குவாளி இல்லாமல், தண்ணீர் பாட்டிலும் இல்லாமல், வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

வீரம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு அலுமினியத் தட்டில் பழைய சோறு, ஓரத்தில் மோர் மிளகாய். அடைக்கலத்தைப் பார்த்ததும், "இன்னிக்குப் புதனாச்சே, என்னங்க?" என்றாள்.

அடைக்கலம் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நான் ஒருசந்தி இருந்ததே இல்ல" என்றாள். கடைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடுவேன். இங்க சாப்பிட எனக்கு முடியல, அதான் பொய் சொன்னேன்."

"ஏன் முடியல?"

"அருவருப்பா இருந்துச்சு."

வீரம்மாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"எங்க மாமியாரும் இப்படித்தான்" என்றாள். "ஆனா அந்தம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லி என்னை வெளிய அனுப்புச்சு. நீங்க இத்தனை வருஷம் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க." பிறகு, "அப்ப நான் கிடந்த பட்டினியெல்லாம் மீன் குழம்புக்கா?" என்றாள்.

"சரி, போயிட்டு வாங்க. இனிமே செவ்வாய்க்கிழமை நான் சாப்பிட்டுக்கறேன், பயப்படாதீங்க. மாத்திரையும் போட்டுக்கறேன்" என்று சொல்லி வீரம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வந்த காரியம் முடிந்தது. உயிர் பிழைத்துவிட்டது, இனி எழுந்து போகலாம். அடைக்கலம் எழுந்திருக்கவில்லை. இப்போது போனால் திரும்பி இந்த வாசலில் கால் வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுஷியை இழக்க அவளுக்கு மனசில்லை. எப்போதிலிருந்து இவ்வளவு பிரியம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்குப் பசிக்குதுக்கா."

"பஸ் ஸ்டாப்புல கடை இருக்கு."

"கடைச் சோறு வேணாம். இதுல ஒரு வாய் போடுங்க."

"பாவ புண்ணியத்துக்கெல்லாம் சாப்பிட வேணாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன், போங்க."

அடைக்கலம் வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, அப்படியே நீட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்தவர் முன்னால் அந்தக் கை அப்படி நீண்டது அதுதான் முதல் தடவை. தோள் வலித்தது. வெட்கமாக இருந்தது. வீரம்மாள் கையைப் பார்க்காமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கைக்கு முன்னால் ஆட்கள் வேறு எங்கேயோ பார்ப்பது எப்படி இருக்கும் என்பது படியில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா. அவளால் ரொம்ப நேரம் அப்படி இருக்க முடியவில்லை.

"கேட்டவங்களுக்கு இல்லன்னு எனக்குச் சொல்ல வராது" என்று முணுமுணுத்தாள். விரலில்லாத உள்ளங்கையின் அடிப்பாகத்தால் சோற்றை அழுத்திப் பிசைந்து, கட்டை விரலால் அணைத்து உருட்டி, அடைக்கலத்தின் கையில் வைத்தாள்.

குமட்டவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். அடைக்கலம் கண்ணை மூடிக்கொண்டுதான் வாயில் போட்டாள். தொண்டை ஒரு தடவை மறித்தது. வீரம்மாள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடைக்கலம் விழுங்கினாள். மறுபடியும் கையை நீட்டினாள். இரண்டாவது வாய்க்குக் கண்ணை மூடவில்லை. மூன்றாவது வாயை மென்றுகொண்டிருந்தபோது அவள் முகம் லேசாகச் சுருங்கியது. வீரம்மாள் கை பாதியில் நின்றது.

"என்ன?" என்றாள் மெதுவாக.

"உப்பு பத்தலக்கா."

வீரம்மாள் அவளையே பார்த்தாள். என் சோற்றில் குறை சொல்ல ஒருத்தி வந்துவிட்டாளா என்பது போல அவள் கண் நிறைந்தது. பிறகு, எத்தனையோ வருஷம் ஒரே அடுப்படியில் வெந்தவளைப் போல, அதட்டலாகவே சொன்னாள்.

"உப்பு டப்பா அங்க அலமாரியில இருக்கு. எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வாடி."

அடைக்கலம் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.